குடும்பத்துடன் வருக



கடந்த மாதம் எங்கள் சந்தை மதிலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணக் கலாசார மையத்தில் ஓர் இசைக் கச்சேரி. பாடுபவரின் படம் பெரிதாக, பக்கவாத்தியக்காரரின் பெயர்கள் சிறிதாக, கீழே மாலை 6.30 மணி, அனுமதி இலவசம். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு எழுத்தில் "குடும்பத்துடன் வருக" என்றிருந்தது.

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வரும் வழியில் எம்மோடு வந்த ஒரு சகோதரி அதற்கு முன்னால் நின்றுவிட்டார். "மிஸ், குடும்பத்தோட வரட்டாம். நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைக் குடையத் தொடங்கியது.

இந்தச் சகோதரியின் கணவர் 2009 இல் காணாமல் போனவர். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காந் தரம் வரை எடுத்தவர் என்பது, நான்கு வருடம் அவரோடு பழகிய எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் படிவங்களில் கோழி வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம் எல்லாவற்றுக்கும் நிரல் இருக்கிறது. "உமக்குப் பாடத் தெரியுமா" என்று கேட்க ஒரு நிரலும் இல்லை. சமூகவியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் நானும் கேட்கவில்லை.

மறுநாள் சுவரொட்டியில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். "அது சொல்லேலாது, பாட்டு நல்லாப் போனால் போகும்" என்றார் அங்கிருந்த ஐயா. தனியாக வரும் பெண்களுக்குப் பாதுகாப்பாக இருக்குமா என்றேன். "அதுக்குத்தானே தங்கச்சி குடும்பத்தோட வாங்கோ எண்டு போட்டிருக்கிறம்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய கணக்கில் குடும்பம் என்றால் ஓர் ஆண், அவருடைய மோட்டார் சைக்கிள், பின்னால் இருக்கும் மனைவி. எங்கள் கிராமத்தில் அப்படியான வீடுகளைவிட அப்படியில்லாத வீடுகள் குறைவென்று என்னால் சொல்லமுடியாது.

ஆறரை மணி என்றால் என்னவென்று எம்மெல்லோருக்கும் தெரியும். பிரதம விருந்தினர் வரவேண்டும். பிறகு மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, படம் எடுத்தல். சுருதிப்பெட்டியின் சத்தம் கேட்க ஏழேகால் ஆகும். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியில் பஸ் கிடைத்தாலும், பிரதான வீதியில் இறங்கி உள்ளே போவதற்கு எங்கள் பக்கம் இருட்டிய பிறகு ஒன்றும் ஓடாது. ஆகவே ஒரு பொன்னாடைக்கு எடுக்கும் பத்து நிமிடம் என்பது, கடைசி மூலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வீடு போகும் பஸ். பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்தால் இராகங்கள் கோபிக்கப் போவதில்லை. மாலை இராகத்தை மாலையிலேயே பாடலாம்.

மண்டபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், போகாதவர்கள் பலர் இருக்கிறீர்கள். யாழ். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் பெயரோடு திருவள்ளுவர் பெயரும் சேர்ந்தது. உள்ளே ஏறக்குறைய 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு. ஆளுக்கொரு கதிரை, ஒழுங்கான வரிசை, வாசல் எது என்று தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. இதற்கு அருகிலுள்ள முற்றவெளியில்தான் 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி பெரிய சினிமா இசை நிகழ்ச்சியொன்று நடந்தது. கட்டணம் கட்டியவர்களையும் இலவசமாக வந்தவர்களையும் பிரித்திருந்த தடுப்புகள் உடைந்து, சனம் முன்னுக்குப் பாய்ந்து, நிகழ்ச்சியை இடைநிறுத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகு பல வீடுகளில் "பாட்டுக் கச்சேரியா, வேண்டாம்" என்பது இன்னும் இலகுவாகிவிட்டது. திறந்த வெளியும் மண்டபமும் ஒன்றல்ல. முன்னதில் கூட்டத்துக்கு எல்லை இல்லை. பின்னதில் கதிரை முடிந்தால் கதவு மூடலாம்.

போவதென்றால் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: எத்தனைக்கு முடியும், பெண்களுக்கு மலசலகூடம் எங்கே, ஊன்றுகோலோடு வருபவர் படியேற வேண்டுமா, வெடி கொளுத்துவார்களா. கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். ஷெல்லடிக்குள் இருந்தவர்களுக்குத் திடீர்ச் சத்தம் இன்றும் உடம்பை நடுங்க வைக்கும். அது பைத்தியம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்காமல் நடைபாதை ஓரத்துக் கதிரையில் இருந்தால், வேண்டியபோது எழுந்து வெளியே வரலாம். பஸ்ஸிலோ கூட்டத்திலோ யாராவது கைவைத்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள்.

இதெல்லாம் வெளியில் உள்ள தடை. வீட்டுக்குள் உள்ளதைப் பேசுவதுதான் கடினம். அந்தச் சகோதரியின் மாமியார் சொன்னாராம், "அவன் எங்கையெண்டு தெரியேல்லை, நீ பாட்டுக் கேக்கப் போறியோ?" இந்த வார்த்தையைக் கொடுமையென்று நான் எழுதமாட்டேன். மகனைத் தேடும் ஒரு தாயின் வார்த்தை அது. ஆனால் மருமகள் இப்போது மனைவியா, விதவையா என்று அவருக்கே தெரியாது. பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. நல்ல சேலை கட்டினால் இன்னும் பேச்சு.

நான் ஒன்று கவனித்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் எங்கள் பெண்கள் எந்த நேரமும் போய்வருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் மாலையில் இசை நடக்கும், இருந்து கேட்பார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே கீர்த்தனையை அதே பாடகர் கலாசார மையத்தில் பாடினால் அது களியாட்டமாகிவிடுகிறது. கடவுளின் பெயரில் அனுமதிக்கும் சந்தோசத்தை அவளுடைய பெயரில் அனுமதிக்க எமக்கு மனமில்லை. ஒப்பாரி பாடுவதற்குக் கூப்பிடும்போது மட்டும் அவளுடைய குரல் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

நான் அந்த மாமியாரிடம் போய் வாதாடவில்லை. இரண்டு தரம் தேநீர் குடித்தேன். இரண்டாம் தரம் அவர்தான் தொடங்கினார், மகன் மருமகளைக் கலியாணம் கட்ட நின்றதே அவள் பள்ளிக்கூட விழாவில் பாடியதைக் கேட்டுத்தானாம். பிறகு கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை.

சங்கத்தில் இப்போது 13 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாரம் 100 ரூபா சேர்த்து வான் பிடிக்கிறோம். சாரதி எங்கள் உறுப்பினர் ஒருவரின் தம்பி. ஏற்பாட்டாளர் ஐயாவுக்கு மீண்டும் அழைத்து, 13 பெண்கள் வருகிறோம், ஓரத்து வரிசையில் சேர்த்து இடம் ஒதுக்குங்கள் என்று சொன்னேன். "ஓ, குழுவா வாறியளோ, நல்லது" என்றார். ஒன்பது மணிக்குக் கச்சேரி முடியாவிட்டாலும் நாங்கள் எழும்புவோம் என்றேன். அதற்கும் "ஓம்" என்றார்.

வான் பொதுநோக்கு மண்டபத்தடியில் பின்னேரம் நான்கு மணிக்கு நிற்கும். குளிரூட்டிய மண்டபம், ஒரு சால்வை கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் பிஸ்கற்றும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். 13 என்று எழுதினேன், நேற்று 14 ஆகிவிட்டது. மாமியாருக்கு யன்னலோர இடம் வேண்டுமாம்.