பெட்டியில் உறங்கும் சதுர ஃபில்டர்கள்

வாசகர் ஒருவர் மடல் விடுத்துள்ளார். ஸ்டூடியோ நடத்தி வந்த அவருடைய பெரியத்தா சில மாதங்களுக்கு முன் வஃபாத்தாகிவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களில், துணி சுற்றிப் பேணப்பட்ட சதுர வடிவ ஃபில்டர்கள் ஒரு பெட்டி நிறைய உள்ளனவாம். "என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா. இவை இனிப் பயன்படுமா? அல்லது பழைய சாமான் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாமா?" என்று வினவுகிறார். அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம் என்பதே நம் முதல் பதில். எனினும், அனைத்தையும் வைத்திருக்க வேண்டும் என்பதுமில்லை.

லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் வட்ட ஃபில்டரைப் பலரும் அறிவர். அதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு லென்ஸின் வாய் 52 மி.மீ. என்றால் மற்றொன்றினுடையது 58 மி.மீ. ஆக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாங்க நேரும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ழான் கோக்கான் 1978-இல் இதற்கு எளிய வழி ஒன்றைக் கொண்டுவந்தார். லென்ஸில் ஒரு வளையம். வளையத்தின்மேல் காடிகள் கொண்ட ஒரு தாங்கி. அக்காடிகளில் செருகும் சதுரத் தகடு. லென்ஸ் மாறினால் விலை குறைந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். அதுவே 'கோக்கின்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. மூக்குக்கண்ணாடி செய்யப் பயன்படும் சி.ஆர்.39 என்ற பிசினால்தான் இத்தகைய தகடுகள் பெரும்பாலும் செய்யப்பட்டன. எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும்.

பெட்டியில் மிகுதியாக இருக்கக்கூடியவை நிறத் தகடுகளே. அவற்றுக்குத்தான் வேலை போய்விட்டது. ஃபிலிம் காலத்தில் நிறத்தின் சமநிலை ஃபிலிம் சுருளிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. பகலொளிக்கென்று செய்த ஃபிலிமைக் குண்டு பல்பின் வெளிச்சத்தில் பயன்படுத்தினால் முகங்கள் மஞ்சளாகும். அதைத் திருத்த 80ஏ என்ற நீலத் தகட்டை மாட்டுவார்கள். அது ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடும். அதாவது நாலில் ஒரு பங்கு ஒளியே ஃபிலிமை எட்டும். இன்று அந்த வேலையை டிஜிட்டல் கேமராவில் 'வைட் பேலன்ஸ்' என்னும் அமைப்பு செய்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வைட் பேலன்ஸைத் தானியங்கி நிலையில் விட்டுவிட்டு ஆரஞ்சுத் தகட்டை மாட்டினால், "ஒளி மஞ்சளாக உள்ளது போலும்" என்று கருதும் கேமரா, அந்த நிறத்தைக் கூடியவரை நீக்கிவிட முயலும். நாம் ஊற்றிய சாயத்தை அது கழுவுகிறது! எஞ்சுவது ஒளி இழப்பு மட்டுமே. தகட்டின் நிறம் படத்தில் பதிய வேண்டுமாயின் வைட் பேலன்ஸைப் பகலொளியில் நிலைநிறுத்த வேண்டும். ஆயினும் அந்நிறத்தைக் கணினியில் பின்னர் சேர்த்துவிடலாம் எனும்போது இந்தச் சிரமம் எதற்கு? ஒரே மணமகளின் முகத்தை ஐந்தாகக் காட்டும் பட்டகத் தகடுகளையும், விளக்குகளை நட்சத்திரங்களாக்கும் தகடுகளையும் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். பழைய திருமண ஆல்பங்களில் அவை போதுமான அளவு ஆட்சி செய்துவிட்டன.

இனி, எறியக் கூடாதவை. கேமராவின் சென்சாரில் பதியாத ஒன்றை எந்தக் கணினியாலும் மீட்டுத் தர இயலாது. இந்த அடிப்படையில் பார்த்தால் முதலிடம் போலரைசருக்கே உரியது.

1808-இல் பாரிஸ் நகரில் எத்தியேன் லூயி மாலுஸ் என்ற அறிஞர், லக்சம்பர்க் அரண்மனையின் சாளரங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற அந்த ஒளி கூடுவதையும் குறைவதையும் கண்டார். கண்ணாடியிலும் நீரிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரிதும் ஒரே தளத்தில் அமைந்துவிடுகிறது. அந்தத் தளத்தை மட்டும் மறிப்பதே போலரைசர். இதனால்தான் குளத்தின் மேற்பரப்பில் மின்னும் வெண்மை மறைந்து அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரிகின்றன. மழையில் நனைந்த இலைகள் தம் பசுமையைத் திரும்பப் பெறுகின்றன. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானம் ஆழ்ந்த நீலமாகிறது. ஆனால் பூச்சற்ற உலோகத்தின் பளபளப்பை அது நீக்காது. மிக அகன்ற லென்ஸில் வானம் ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளிறியும் போகும். இந்த ஃபில்டர் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். தாங்கியின் உட்காடியில் சுழலும்.

பழைய பெட்டிகளில் உள்ளது 'லீனியர்' வகையாக இருக்க வாய்ப்புண்டு. உள்ளே ஆடி வைத்த எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அது ஒளி அளவையும் தானியங்கி ஃபோகஸையும் ஏமாற்றக்கூடும். அவற்றுக்குச் 'சர்குலர்' வகை வேண்டும். ஆடியில்லாத கேமராக்களுக்கு இரண்டும் ஒன்றே. வகையை அறிய முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். ஃபில்டரை ஒரு கண்முன் பிடித்துக்கொண்டு, அதன் வழியே கண்ணாடியில் தெரியும் அதே ஃபில்டரைப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கருத்துத் தோன்றினால் சர்குலர். இரு பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் லீனியர்.

அடுத்தது, மேற்பாதி சாம்பல் நிறமாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள தகடு. அந்தி வானத்துக்கும் அதன் கீழுள்ள நிலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு மிகப் பெரிது. இமயமலைப் படங்களால் புகழ்பெற்ற அமெரிக்கர் கேலன் ரோவெல் (1940–2002) இவ்வகைத் தகடுகளைத் தாமே வடிவமைத்து, சிங்-ரே நிறுவனத்தைக் கொண்டு செய்வித்தார். அவர் பயன்படுத்திய ஸ்லைடு ஃபிலிம் சுமார் ஐந்து ஸ்டாப் வேறுபாட்டையே தாங்கும். இன்றைய சென்சார்கள் அதைவிட மிகுதியாகத் தாங்குகின்றன என்பது உண்மையே. இருட்டாகவும் வெளிச்சமாகவும் பல படங்கள் எடுத்து இணைத்துவிடலாம் என்போரும் உளர். அசையாத மலைக்கு அது சரி. அலைக்கும், காற்றில் ஆடும் தென்னைக்கும், கரையில் ஓடும் குழந்தைக்கும் அது அவ்வளவு எளிதன்று. வெண்மையாய் வெந்துபோன வானத்தில் மீட்பதற்கு எதுவும் இராது.

இத்தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை கேமராவின் பின்திரையிலேயே பார்த்து ஏற்றி இறக்கலாம். ஃபிலிம் காலத்தவர்க்குக் கிட்டாத வசதி இது. ஒரு குறையையும் கூறிவிட வேண்டும். பழைய சாம்பல் தகடுகள் சில, வானத்தில் மெல்லிய ஊதாச் சாயலை ஏற்றும். மேற்பாதியில் மட்டும் படியும் சாயல் என்பதால் வைட் பேலன்ஸ் அதை முழுமையாகத் தீர்க்காது. வெண்சுவர் ஒன்றை ஒருமுறை படமெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முழுதும் சாம்பலான என்.டி. தகடுகள் அருவியைப் பட்டிழை போலாக்க உதவும். 0.3 என்று பொறித்திருந்தால் ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பலவற்றைச் செருகினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி மட்டும் தடையின்றிப் புகுந்து சென்சாரில் பதியலாம். கறுப்பு ஆடை செம்பழுப்பாகத் தோன்றுவது அதனால்தான். அடர்ந்த தகடானால் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பின்னர் செருகுக.

அதே அகச்சிவப்பு ஒளி கண்ணுக்கும் பகை. கிரகணத்தின்போது இந்த என்.டி. தகடுகளைக் கொண்டு சூரியனைப் பார்க்கக் குழந்தைகளை ஒருபோதும் அனுமதிக்கலாகாது. கேமராவின் கண்ணோட்டத் துளை வழியே பார்ப்பது இன்னும் ஆபத்து. சூரியனுக்கென்றே செய்யப்படும் ஃபில்டர் ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், மூன்று என்.டி. தகடுகளை அடுக்கினாலும் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறையாது. பெட்டியை வீட்டுப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கும் முன் இந்தத் தகடுகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.