நலமாக உள்ள காலத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள்: இருமுனை மனநிலைக் கோளாறும் மனநலச் சட்டமும்

பைபோலார் என்று பரவலாக அறியப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு, ஒருவரின் மனநிலை, தூக்கம், செயலூக்கம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைப் பாதிக்கும் நீண்டகால நோயாகும். இதில் சில காலம் மிகை எழுச்சியும் சில காலம் ஆழ்ந்த மனச்சோர்வும் தோன்றும். மிகை எழுச்சியின்போது தூக்கம் குறைந்தாலும் களைப்புத் தெரியாது; பேச்சு ஓயாது; அளவு கடந்த தன்னம்பிக்கை, எரிச்சல், கணக்கின்றிச் செலவு செய்யும் போக்கு ஆகியவை மிகும். மனச்சோர்வின்போது எதிலும் நாட்டமின்மை, குற்ற உணர்வு, உயிர் வாழ்வதே சுமை என்னும் எண்ணம் ஆகியவை மேலோங்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே, பலர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நலமாக வாழும் காலம் ஒன்று உண்டு. நிலையான மீட்சிக்கு அடித்தளம் இடப்படுவது அந்த இடைக்காலத்தில்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 3 பேர் இக்கோளாற்றுடன் வாழ்ந்துவந்தனர். அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை. அதன் பின்னர் இரண்டு முக்கிய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. 14416 என்னும் எண்ணில் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. எனினும், நெருக்கடி முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடும் வழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. புதிய சட்டம் தரும் உரிமைகள் பலவற்றை நோயாளி நலமாக உள்ளபோதே பயன்படுத்த முடியும் என்பதால், இவ்வழக்கம் மாறுவது அவசியமாகிறது.

நலமடைந்த பின்னும் மருந்து ஏன்?

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறார், இன்னும் எத்தனை நாள் மாத்திரை?" என்பது புறநோயாளிப் பிரிவில் குடும்பத்தினர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. இக்கோளாறு மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது. தற்போதைய பாதிப்பைத் தணிப்பதோடு, அடுத்த பாதிப்பைத் தடுப்பதும் மனநிலைச் சீராக்கி மருந்துகளின் பணியாகும். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவு சீராக உள்ளது என்பதற்காக மருந்தை நிறுத்துவதில்லை. அதே நியாயம் இங்கும் பொருந்தும். குறிப்பாக, லித்தியம் மருந்தைத் திடீரென நிறுத்தினால் மிகை எழுச்சி விரைவில் திரும்பக்கூடும். உடல் எடை கூடுதல், கை நடுக்கம், மந்தம் போன்ற பக்கவிளைவுகள் இருப்பின் அவற்றை மருத்துவரிடம் தயங்காது கூற வேண்டும். அளவையோ மருந்தையோ மாற்ற வழிகள் உண்டு.

மனச்சோர்வுக்காக முதன்முறை மருத்துவரை அணுகுவோர், முன்னர் எப்போதேனும் தூக்கமின்றி மிகுந்த உற்சாகத்துடன் இருந்த நாட்கள் உண்டெனில் அதனைத் தெரிவிக்க வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நீக்கி மருந்தை மட்டும் தனியாக அளித்தால், அது சிலரிடம் மிகை எழுச்சியைத் தூண்டக்கூடும்.

லித்தியமும் கோடைக்காலமும்

1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்ட ஆய்வின் வழியே லித்தியம் மனநல மருத்துவத்தில் இடம்பெற்றது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ள மருந்து இது. சோடியம் வால்புரோயேட்டுடன் இதுவும் நம் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. ஆனால், பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையேயுள்ள இடைவெளி குறுகியது. தொடர் சிகிச்சையில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு பொதுவாக அளவு அமைக்கப்படும். கடைசி மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அன்று காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் பரிசோதிப்பது அவசியம்.

உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயரும். ஆதலால், கடும் வெயிலில் வேலை செய்தல், வயிற்றுப்போக்கு, நீர்கூட அருந்தாத நோன்பு, திடீரென உப்பைக் குறைத்தல் ஆகியவற்றில் கவனம் தேவை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மருந்துகளும் அதே விளைவை உண்டாக்கலாம். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுதல், நாக்குழறல், குழப்பம் ஆகியவை நச்சுத்தன்மையின் அறிகுறிகள். இவை தோன்றினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகளை எழுதி வைத்தல்

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்பும் முறை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஒருவருக்கு இரண்டு இரவுகள் தூக்கம் குறைவது முதல் அறிகுறியாக இருக்கலாம். மற்றொருவர் நள்ளிரவில் பலரையும் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கலாம். வேறொருவர் குளிப்பதையும் பேசுவதையும் குறைத்துக்கொள்ளலாம். கடந்த முறை முதலில் என்ன நிகழ்ந்தது என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் சேர்ந்தமர்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும். அவ்வறிகுறி மீண்டும் தோன்றினால் யார் பேசுவது, எந்த மருத்துவரை எத்தனை நாட்களுக்குள் பார்ப்பது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

பண விவகாரங்களையும் இக்காலத்திலேயே பேசி முடிவு செய்வது நலம். மிகை எழுச்சியில் கைப்பேசிச் செயலி வழியே கடன் பெறுதல், நகையை அடகு வைத்தல், முன்பின் அறியாதோருக்குப் பெருந்தொகை அனுப்புதல் ஆகியவை குடும்பத்தை நெடுங்காலம் வருத்துகின்றன. நாள்தோறும் அனுப்பக்கூடிய தொகைக்கு வங்கியில் வரம்பு வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடுகளை நோயாளி தம் விருப்பத்துடன் செய்துகொள்ளலாம். அவர் அறியாமல் பிறர் செய்யும் கட்டுப்பாடு, நம்பிக்கையைக் குலைக்கும்.

சட்டம் தரும் இரண்டு ஆவணங்கள்

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த எவரும் தமக்கென ஒரு நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டாலோ கைரேகை வைத்தாலோ போதுமானது. அவர் உறவினராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தேர்வு செய்யப்பட்டவரும் வயது வந்தவராகவும், பொறுப்பை ஏற்க எழுத்துப்பூர்வமாக இசைபவராகவும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டிய அறிவுறுத்தல் ஆவணம். மனநோயால் முடிவெடுக்கும் திறனை இழக்க நேரிட்டால் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை இதில் எழுதலாம். எந்த மருந்து முன்னர் பயன் தந்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றைக் குறிப்பிடுவது மருத்துவருக்கும் உதவும். விதிகளில் தரப்பட்டுள்ள படிவத்தில் எழுதி மனநல மறுஆய்வு வாரியத்தில் இதனைப் பதிவு செய்யலாம். திறன் இழந்துள்ள காலத்தில் மட்டுமே இது செயல்படும். அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நீக்கலாம்.

நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் இச்சட்டத்தின்படி தடை செய்யப்பட்டுள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். அத்தடையின் தேவையை உணர அந்நிகழ்வு ஒன்றே போதும். வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தரலாம். அதன் பொருட்டு மருந்தை நிறுத்துதல் கூடாது.

திருமணமும் மகப்பேறும்

இக்கோளாறு உள்ளவர்கள் திருமணம் செய்துகொண்டு நல்வாழ்வு வாழ இயலும். நோயை மறைத்துத் திருமணம் செய்துவைப்பதால் விளையும் முதல் தீங்கு, புகுந்த வீட்டார் அறியாதிருக்க மாத்திரையை நிறுத்துவதாகும். சில வாரங்களில் தூக்கம் கெட்டு நோய் திரும்புகிறது. அதன் பின் உண்மை வெளிப்படுவது இரு குடும்பங்களுக்கும் பெருந்துயராகிறது. வாழ்க்கைத் துணையாக வருபவரை மருத்துவரிடம் முன்னரே அழைத்து வருவது நன்று.

கருவுற விரும்பும் பெண்கள் அதற்கு முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். சோடியம் வால்புரோயேட் கருவில் பிறவிக் குறைபாடுகளையும் குழந்தையின் வளர்ச்சிக் குறைபாடுகளையும் உண்டாக்கக்கூடியது. எனவே, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இயன்றவரை தவிர்க்கப்படுகிறது. அதற்காக மருந்துகளைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானதே. பிரசவத்திற்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். அக்காலத்தில் இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்து, தாய்க்குத் தொடர்ச்சியான தூக்கம் கிடைக்கச் செய்வது மிகுந்த பயன் தரும்.

பணியும் காப்பீடும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மனநோயையும் இயலாமை வகைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் இயலாமைக்கு உள்ளான ஊழியரை அக்காரணத்திற்காகப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்தல் கூடாது. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என மதிப்பிடப்பட்டவர்கள் இடஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இலும் 2022இலும் இதனை நிறுவனங்களுக்கு வலியுறுத்தியது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இக்கடமையை உறுதி செய்தது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காமல் தெரிவிப்பது அவசியம். மறைத்தால் பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்பட அதுவே காரணமாகலாம்.

நெருக்கடி நேர்ந்தால்

இறந்துவிட வேண்டும் என்று ஒருவர் கூறினால் அதனை மிரட்டல் எனக் கருதி ஒதுக்கலாகாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி, மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றை எட்டாதபடி அகற்றி, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. 14416 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தெனில் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பராமரிப்பாளருக்கும் ஓய்வும் பேச ஒருவரும் தேவை. நோயின்போது சொல்லப்பட்ட கடுஞ்சொற்களை நலமான பின் எடுத்துக்காட்டி வாதிடுவது இருவருக்கும் பயன் தராது. அந்நேரத்தை அடுத்த மருத்துவ ஆலோசனைக்கான கேள்விகளை எழுதவும், நியமனப் பிரதிநிதி யார் என்பதை முடிவு செய்யவும் பயன்படுத்தலாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, எச்சரிக்கை அறிகுறிகள் எழுதிய தாளையும் உடன் கொண்டு வாருங்கள். அதன் ஒரு படி நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டில் இருப்பது நல்லது.