கழுதையும் கருப்பொருளும்: குறியீட்டு வாசிப்பு குறித்து ஒரு கருத்து

தற்காலப் புனைகதையையும் திரைப்படத்தையும் ஆராயும் தமிழாய்வுகள் பலவற்றில் குறியீடு ஒரு பட்டியலாகவே நின்றுவிடுகிறது. கழுதை என்பது ஒடுக்கப்பட்டோரைக் குறிக்கும் எனப் பொருள் எழுதியதும் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. இவ்வகை வாசிப்பில் சமூக மாற்றம் புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உள்ளுறைக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருளே நிலைக்களன் என்பது தொல்காப்பியர் கொள்கை. அக்கருப்பொருள் வரிசையில் உணவும் விலங்கும் தொழிலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. எனவே விலங்கை அதனோடு பிணைந்த தொழிலிலிருந்து பிரித்துப் பொருள் காண்பது நம் மரபுக்கே பொருந்தாது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இதற்குத் தக்க சான்று. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் துணி வெளுத்துப் பிழைக்கும் ஆரோக்கியத்தின் குடும்பம், உழைப்புக்கு ஈடாகத் தானியமும் சோறும் பெறுகிறது. பணப்புழக்கம் பெருகப் பெருக அவ்வுறவு தளர்கிறது. கோவேறு கழுதை சுமை சுமக்கும். தன் இனத்தைப் பெருக்காது. அவ்வாறே இத்தொழிலுக்கும் வருங்காலம் இல்லை. ஆயினும் தொழில் நலிவது ஆரோக்கியத்திற்கு விடுதலையாக அமையவில்லை, பசியாகவே அமைகிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிநிலை உண்டு என்னும் கசப்பான உண்மையை இக்குறியீடு தாங்கி நிற்கிறது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) திரைப்படத்தில் கழுதையின் சுமையைவிட அதன் முன்னங்கால் கட்டே முதன்மை பெறுகிறது. பேருந்து நில்லாத ஊரின் முடக்கமே அக்கட்டு. கர்ணன் அதனை அகற்றுவது உரிமைக் குரலாக ஒலிக்கிறது. விலங்கு ஏறத்தாழ ஒன்றே, மாற்றமோ இருவேறு. நாவலில் பழைய பிணைப்பு அறுவது இழப்பு. திரைப்படத்தில் கட்டு அறுவது மீட்சி. இரண்டையும் ‘ஒடுக்கப்பட்டோர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குவது இவ்வேறுபாட்டை அழித்துவிடும்.

சீன எழுத்தாளர் லூ சுன் 1919இல் எழுதிய ‘மருந்து’ சிறுகதையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. கொலைத்தண்டனை பெற்ற புரட்சியாளனின் குருதியில் தோய்த்த ரொட்டியைக் காசநோயுற்ற மகனுக்குப் பெற்றோர் விலைகொடுத்து வாங்குகின்றனர். உணவும் கொலைத்தொழிலும் வணிகமும் ஒன்றாக இணைவதாலேயே அந்த ரொட்டி ஒரு சமூகத்தின் அறியாமையைக் காட்டும் குறியீடாகிறது.

இமையத்தின் நாவல் பழைய தென்னார்க்காட்டு வாழ்வில் வேர்கொண்டது. அம்மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிந்ததே விழுப்புரம் மாவட்டம். அனந்தபுரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து ஆய்வுக்கு வரும் இளந்தலைமுறையினர் பலருக்கு வெள்ளாவி என்னும் சொல்லே அயலாகி வருகிறது. அத்தொழிலைச் செய்தோர் இன்னும் நம் ஊர்களில் முதுமையுற்று வாழ்கின்றனர். குறியீட்டுக் கோட்பாடுகளைக் கற்பதோடு, அவர்களிடம் சென்று தொழிற்சொற்களையும் கூலி முறைகளையும் கேட்டுப் பதிவுசெய்வதும் ஆய்வாளரின் கடமையாகும். அப்பதிவு இல்லையேல் நாளை நம் கையில் எஞ்சுவது பொருளிழந்த குறியீடு மட்டுமே.