ஒரு படி பின்னால் போனால் போதுமா?

ஐடி அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி 2017-இல் நிறுவனமான கைட், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தழுவிய இயங்குதளத்தைக் கேரளப் பள்ளிகளுக்குத் தருகிறது. 2019-இல் சொன்ன கணக்கு இரண்டு லட்சம் கணினிகள். இத்தனைக்கும் ஒரே இயங்குதளம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் கர்னல் புதுப்பிப்பு ஒன்று சறுக்கினால் எல்லா ஆய்வகத்திலும் வைஃபை ஒன்றாகப் படுத்துவிடும்.

அப்படிச் சறுக்கிய 2023 டிசம்பரை டெபியன் 12 பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 6.1.64 கர்னல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவைக் கெடுக்கிறது என்று 12.3 வெளியீட்டை நிறுத்தினார்கள். 10-ஆம் தேதி 6.1.66-உடன் 12.4 வந்தது, பலருக்கு வைஃபை போயிற்று. இணைப்பு மட்டுமா? நெட்வொர்க் மேனேஜர் உறைந்தது, ‘ஐபி’ கட்டளை கொடுத்தால் திரும்பி வரவில்லை, கணினியை அணைத்தாலும் அணையவில்லை. கர்னல் பதிவைத் திறந்தால், ஏதோ ஒரு செயல் 120 விநாடிக்கு மேலாகத் தடைபட்டு நிற்பதாக ஒரு வரி.

இந்த இடத்தில் நம்மவர்கள் கார்டை மாற்றுவார்கள், ஃபர்ம்வேரை மறுபடி நிறுவுவார்கள், மாட்யூலைக் கழற்றி மாட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை பூட் ஆகும்போதே ஓடவிடுவார்கள். எதுவும் பலித்திருக்காது. பழுது எந்த டிரைவரிலும் இல்லை. டிரைவர்களுக்கு மேலே பொதுவாக இருக்கும் சிஎஃப்ஜி80211 அடுக்கில் இருந்தது. 6.7-க்கு எழுதிய திருத்தம் ஒன்றைப் பழைய கர்னல்களுக்கு இறக்கியவர்கள், அது நம்பியிருந்த பூட்டு மாற்றத்தை விட்டுவிட்டார்கள். விளைவு, சில வேளைகளில் பூட்டு திறக்கப்படாமலே போனது. பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நின்றன. எக்ஸ்ட்4 பழுதும் இதே ரகம்தான், துணையில்லாமல் தனியே வந்த திருத்தம். டிசம்பர் 11-இல் வந்த 6.6.6-இல் ஒரேயொரு மாற்றம்: அந்த வைஃபை திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. 6.1 வரிசைக்கு அதே வேலையை 6.1.67 செய்தது.

“பழைய கர்னலில் பூட் செய்து பார்” என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் டெபியன் எண்ணிடலில் வைஃபை போனது 6.1.0-15. பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் அதற்கு அடுத்து 14 இருந்திருந்தால், அது தரவைக் கெடுத்த கர்னல்! நம்பிப் போகத்தக்கது 13. முந்தையது எது என்று தெரிந்தால் போதாது, நல்லது எது என்றும் தெரிய வேண்டும்.

உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். புதிய வன்பொருளுக்கான கர்னல் வரிசையில் இருந்தால் அதே பதிப்புக்குள்ளேயே 5.15-இலிருந்து 6.8 வரை வந்திருப்பார்கள். ஆய்வகத்துக்கு ஒரு கணினியில் மட்டும் புதுப்பிப்பை முதலில் போடுங்கள். கடைசியாக ஓடிய கர்னலின் எண்ணைக் குறித்து வையுங்கள். ஓடிய எண், ஓடாத எண் இரண்டும் கையில் இருந்தால் கிட் பைசெக்ட் ஆயிரம் மாற்றங்களையும் பத்துத் தடவை கம்பைல் செய்வதற்குள் ஒன்றாகச் சுருக்கிவிடும். ஸ்கிரிப்டால் மூடி மறைத்த பழுது அடுத்த புதுப்பிப்பிலும் அப்படியே இருக்கும். அந்த இரண்டு எண்களோடு வழு அறிக்கையை அனுப்பிவிடுங்கள்.