விற்றார்கள், நாம் வாங்கவில்லை

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருக்கும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் போன வாரம் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் ஒரு ஜப்பான் கார். "லிட்டருக்கு இருபத்தஞ்சு ஓடுமாம். நமக்கு மட்டும் விக்க மாட்டேங்கான், பாத்தீளா சார்?" கடைவாசலில் நின்றது அவருடைய எஸ்யூவி. அதைச் சுற்றிப் போக இடமில்லாமல், தள்ளுவண்டிக்காரர் ஒருவர் மலையாளத்தில் வைதுகொண்டிருந்தார்.

நல்ல சின்ன வண்டிகளைக் கம்பெனிக்காரன் ஒளித்துவைத்திருக்கிறான், கொண்டுவந்தால் போட்டி போட்டு வாங்குவோம் என்ற நம்பிக்கை திருவனந்தபுரத்தில் டீக்கடை வரை பரவியிருக்கிறது. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

ஜப்பானியர் 'கெய்' என்று சொல்லும் குட்டிக் கார் வம்சத்தில் வந்ததுதான் நம் மாருதி 800. சுசூகி ஆல்டோவின் உடம்பில் 796 சிசி எஞ்சினை வைத்து 1983 டிசம்பரில் இறக்கினார்கள். அம்பாசடரையும் பத்மினியையும் விட்டால் கதியில்லாத காலம்; காத்துக்கிடந்து வாங்கினோம். கையில் காசும் கண்முன்னே நாலு வண்டியும் வந்த பிறகுதான் நம் குணம் தெரிந்தது.

2009-இல் டாடா நானோ வந்தது. 624 சிசி, இரண்டு சிலிண்டர், நீளம் 3.1 மீட்டர். நாலு பேர் இடவப்பாதி மழையில் நனையாமல் போக அதைவிட மலிவான கார் கிடையாது. சில வண்டிகள் தீப்பிடித்தன. சிங்கூரிலிருந்து சாணந்துக்கு ஆலையை மாற்றியதில் காலமும் போனது. இருந்தாலும் 'லட்ச ரூபாய்க் கார்' என்ற பெயர்தான் அதைச் சாய்த்தது. மலிவு என்று முத்திரை குத்தி விற்றது பிழை என்று ரத்தன் டாடாவே பின்னாளில் வருந்தினார். கரமனையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வாங்கினார். "ஆட்டோவுக்குக் கதவு போட்டிருக்கான்" என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். 2018-இல் உற்பத்தி நின்றது.

அது ஏழைக் கார், சரி. 2015-இல் மாருதி செலேரியோவில் 793 சிசி டீசல் எஞ்சின் வைத்ததே, அதற்கு என்ன குறை? சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர். சத்தம் போடுகிறது, அதிர்கிறது என்றோம். 2017-இல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் பெட்ரோல் செலேரியோவில் ஒரு மாடல் 26.68 என்ற சான்றிதழோடு ஷோரூமில் நிற்கிறது. 2021-இல் ஜப்பானில் வந்த ஆல்டோ ஹைப்ரிட்டுக்கு 27.7. இரு நாட்டுச் சோதனை முறைகளும் வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் கடலைப் பார்த்து ஏங்கும்படி என்ன இருக்கிறது?

இறக்குமதி வரி கடுமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானிடம் நாம் வாங்காமல் விட்ட சரக்கு வேறு: அவர்களுடைய சட்டம். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இந்த வரம்புக்குள் அடங்கினால் மஞ்சள் நம்பர் பிளேட், குறைந்த வரி. 2006-இல் நாம் கொடுத்த வரிச்சலுகையோ நீளத்துக்கு 4 மீட்டர் என்று கோடு போட்டுவிட்டு அகலத்தை மறந்தது. கம்பெனிகள் வாலை நறுக்கி 3.995 மீட்டரில் இறக்கின. அவற்றில் ஒன்றான மாருதி பிரெஸ்ஸாவின் அகலம் 1.79 மீட்டர். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்துச் சாலைக் கம்போளத்தில் இடிப்பது அந்த அகலம்தான். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோதும் அதே 4 மீட்டர்க் கோடு. கேரளத்தின் பதினைந்து வருட வரியும் வண்டியின் விலையைப் பார்த்துத்தான் போடப்படுகிறது; அது அடைக்கும் தெருவுக்குக் கணக்கில்லை. இதை மாற்றச் சொல்லி யாரும் கைபேசியை நீட்டுவதில்லை.

அண்ணாச்சியிடம் இதில் பாதிதான் சொல்லியிருப்பேன். மகனுக்கு வண்டி எடுக்கணும், என்ன எடுக்கலாம் என்றார். செலேரியோ என்றேன்.

"பொண்ணு பாக்கப் போகணும்லா சார்" என்றபடி ஏறி உட்கார்ந்தார். பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். கடைப்பையன் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையசைக்க, தள்ளுவண்டிக்காரர் ஒரு கடைக்குள் ஒதுங்கி வழிவிட்டார்.