உட்கார்ந்து சொல்லுங்க, சிஸ்டர்

என் தங்கச்சி கர்ப்பமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "டெய்லி ஒண்ணு, மறக்காத" என்றார் நர்ஸ். அவ்வளவுதான் அறிவுரை. ஐந்தாவது நாள் மலம் கறுப்பாகப் போனது. கூடவே மலச்சிக்கல். பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு எங்க அப்பத்தா பயந்துவிட்டது. மாத்திரை அட்டை பீரோ மேல் ஏறியது. அடுத்த மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. "படிச்ச பொண்ணுதானே நீ? மாத்திரை முழுங்கக்கூட உனக்கு ஆள் வைக்கணுமா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திட்டு விழுந்தது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டியதில்லை. டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடு ஒரே வேளையில் போடக் கூடாது. இவ்வளவையும் சொல்ல அரை நிமிஷம் போதும். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பழியை மட்டும் அவள் தலையில் கட்டினார்கள்.

இதை ஒரு நர்ஸின் கோபம் என்று நான் எழுதவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சொல்லப்படுகிற அறிவுரை பெரும்பாலும் கட்டளையாகத்தான் இருக்கிறது. அதில் 'ஏன்' கிடையாது. திருப்பிக் கேள்வி கேட்டால் "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாத" என்று பதில் வரும். திருப்பிக் கேள்வி கேட்க முடியாத பேச்சுக்கு அறிவுரைன்னு பேர் வைக்கக் கூடாது.

பிரசவ அறையில் இது இன்னும் மோசம். வலியில் கத்துகிறவளைப் பார்த்து "பெத்துக்கணும்னு ஆசைப்பட்டப்போ தெரியலையா?" என்று கேட்பது அங்கே சாதாரணம். இதை நான் சொன்னதும் என் தோழிகளில் மூன்று பேர் "எனக்கும்" என்றார்கள். பிரசவிக்கிறவளை மரியாதையோடு நடத்துவதும் அவளுக்குப் பிடித்த ஒருவர் கூட இருப்பதும் சிகிச்சையின் பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. பிரசவத் துணை என்கிற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுகிற காட்சி இன்னும் மாறவில்லை.

இனி வீடு. "பச்சை உடம்புக்காரி, தண்ணி ஜாஸ்தி குடிக்கக் கூடாது" என்று எங்க அப்பத்தா ஒரு டம்ளரைக் கணக்குப் பண்ணிக் கொடுத்தது. பாலூட்டுகிறவளுக்குத் தாகம் கூடும், அவள் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்னது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய முதல் பாதுகாப்பே அந்தச் சீம்பால்தான். அப்பத்தா சொன்ன இரண்டுமே தப்பு. இரண்டும் தப்புன்னு வார்டுச் சுவரில் ஒட்டியும் இருந்தது.

அப்புறம் ஏன் அப்பத்தா ஜெயித்தது? அது பக்கத்தில் உட்கார்ந்ததுதான் காரணம். காலைப் பிடித்துவிட்டது, ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதபோது எழுந்தது, தங்கச்சி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டபோதும் பத்து முறை பதில் சொன்னது. ஆஸ்பத்திரி நின்றுகொண்டே நாற்பது விநாடி பேசியது. அதுவும் தங்கச்சியைப் பார்த்து இல்லை, அவ மாமியாரைப் பார்த்து. உட்கார்ந்து சொன்ன தப்பு, நின்றுகொண்டு சொன்ன சரியைத் தோற்கடித்துவிட்டது.

இந்த இடத்தில் இணையத்துப் புத்திசாலிகள் வந்து "படிச்சும் மூடநம்பிக்கை" என்று மீம் போடுவார்கள். சீம்பால்னா என்னன்னு அவர்களுக்கே போன வாரம்தான் தெரிந்திருக்கும். குழந்தை பிறந்து இரண்டு நாள் பால் கொஞ்சமாகத்தான் வரும், குழந்தையின் வயிறும் அப்போது சின்னதுதான், குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லாத இடத்தில்தான் "பால் பத்தல" என்கிற பயம் முளைக்கிறது, பால் பவுடர் டப்பா வருகிறது. பால் பவுடர் விளம்பரத்தை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தோம். பயத்தைச் சட்டத்தால் தடுக்க முடியாது.

"சிஸ்டர் உட்கார நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதை அரசிடம் கேளுங்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். எந்த ராத்திரி ஷிஃப்டிலாவது பிரசவ வார்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். 2015-இல் தேர்வெழுதி வேலைக்கு வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தது இந்த அரசு எந்திரம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நின்றே வேலை பார்க்கிறவர்கள் உட்கார்ந்து பேச ஒரு போராட்டம் தேவைப்பட்டது. அந்த ஆத்திரம் மேலே போக வழியில்லாமல் கட்டிலில் கிடக்கிறவள் மேல் இறங்குகிறது. எனக்கு இது புரிகிறது. ஆனால் வாங்கிக்கொள்கிறவள் அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச முடியாதவள், ஒரு மணி நேரம் முன்பு தையல் போட்டவள். வேலைப்பளு திட்டுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

இது மரியாதையோடு முடிகிற விஷயமும் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று அவளிடம் நேராகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமடிக்கிற கசிவு, கடுமையான தலைவலியோடு பார்வை மங்குவது, வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும். இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு இன்னும் தாய்மார்களைக் கொல்கிறது. போன முறை கேள்வி கேட்டுத் திட்டு வாங்கியவள், இந்த முறை ரத்தம் போகும்போது "இதுக்குப் போயி ஏன் வந்தேன்னு திட்டுவாங்களோ" என்று யோசிப்பாள். அவள் யோசிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். அதில் உட்காரப் போதுமான செவிலியர்களை, முழுச் சம்பளத்தில், வேலைக்கு எடுங்கள். சிஸ்டர், நீங்க உட்கார்ந்து, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா கேக்கணும்?" என்று கேளுங்க. பக்கத்தில் எங்க அப்பத்தாவும் இருக்கட்டும். அதுக்கும் கேட்க நிறைய இருக்கு.