தீப்பெட்டிக்குள்ள பூச்சி, சங்கிலிக்குள்ள மனுஷன்

முதல்லயே சொல்லிடுறேன் மக்களே, நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா ராமநாதபுரம் பக்கம் போனா இதைப் பேசாம வர முடியாது.

உடம்புல பூச்சி ஊருதுன்னு உறுதியா நம்புற நோய் ஒண்ணு இருக்கு. சுவீடன் டாக்டர் எக்போம் 1938-ல இதை விரிவா எழுதினார். நோயாளி தீப்பெட்டியில தோல் துணுக்கு, நூல், தூசின்னு கொண்டுவந்து "இதான் சார் பூச்சி"ம்பார். டாக்டர்கள் இதை 'தீப்பெட்டி அறிகுறி'ன்னே சொல்றாங்க.

நாம என்ன பண்றோம்? "பூச்சியும் இல்லை, மண்ணும் இல்லை, சும்மா கெட". அரிப்பு அவருக்கு நிஜம்யா! வாதம் பண்ணி ஜெயிக்கிற விஷயமா இது? பூச்சி இருக்குன்னு ஒத்து ஊதவும் கூடாது. "நீங்க தூங்க முடியாம கஷ்டப்படுறீங்க, அதுக்கு மருந்து இருக்கு"ன்னு ஆரம்பிக்கணும். சிரங்கு, தைராய்டு, பி12 குறைபாடு இல்லைன்னு பார்த்துட்டு ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் மாதிரி மருந்து குடுத்தா நிறைய பேர் தேறுறாங்க.

சிரிச்சு அனுப்பினா? அடுத்து 'செய்வினை'. அதுக்கப்புறம் ஏர்வாடி மாதிரி ஒரு ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, அங்க ஒரு தனியார் காப்பகத்தோட கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. ஓட முடியலை. சங்கிலி!

உடனே "தர்காவை மூடு"ன்னு கிளம்புற பகுத்தறிவு சிங்கங்களே, கொஞ்சம் நில்லுங்க. சங்கிலி போட்டது துஆ இல்லை, காசு வாங்கின காப்பகம். கொண்டுவந்து விட்டது குடும்பம். பக்கத்துல மனநல டாக்டர் இல்லாம வச்சது அரசாங்கம். மூடினா அந்த ஜனம் எங்க போகும்?

குஜராத்துல மீரா தாதர் தர்காவுல 2008-ல 'தவா-துவா'ன்னு ஆரம்பிச்சாங்க. தொழுகையும் நடக்கும், அதே இடத்துல டாக்டரும் இருப்பார். ஏர்வாடிக்கும் அந்த வழி வந்துச்சு. வேண்டியது அதுதான். ஒவ்வொரு தர்காவுலயும், குணசீலம் மாதிரி ஒவ்வொரு கோயில்லயும்.

2017 மனநலச் சட்டம் 95-ம் பிரிவு, எந்த வடிவத்துலயும் சங்கிலி கூடாதுங்குது. நல்லது. ஆனா சட்டம் பூட்டைத்தான் திறக்கும். மாத்திரையை யார் குடுக்கிறது?

அடுத்த தடவை யாராவது தீப்பெட்டியை நீட்டினா சிரிக்காதீங்க. 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

டிஸ்கி: மருந்தை நீங்களா வாங்கி முழுங்காதீங்க சாமிகளா. டாக்டரைப் பாருங்க.